உள்விளிம்பு

என் தங்கை நேஷ்கா இரட்டைக் குழந்தைகளைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, வெர்ஷிச் மலைக்கணவாய் ஏறக் கிளம்பத் தயாரானாள். நான் ஒரு யூரோ நாணயத்தை முன்டயரின் பள்ளத்தில் செருகினேன். நாணயத்தின் பொன்னிற விளிம்பு முழுதும் மறைந்தது. அப்படியென்றால் பள்ளம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையவில்லை; மலையேற அது போதும்.

“காசு வச்சு ஜோசியமா பாக்குறே, அண்ணா?” என்று சிரித்தாள்.

“ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பு. உள்பக்கமும் பாத்துடுறேன்.”

சக்கரம் திரும்பியதும் குனிந்து பார்த்தேன். உள்விளிம்பில் பள்ளமே இல்லை. ரப்பர் தேய்ந்து கம்பி இழைகள் மின்னின. சக்கரம் சற்றே கோணினாலும் உள்விளிம்பு மட்டும் இப்படித் தேயும். வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

இறங்கி வந்து பார்த்த நேஷ்காவுக்கு முகம் வெளுத்தது.

“நேத்து ஹைவேல நூத்திமுப்பதுல வந்தேனே... ரெண்டும் பின்னாடி தூங்கிட்டிருந்துச்சு.”

சாவியை என் கையில் வைத்துவிட்டு, குழந்தைகளின் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.