திரைக்குப் பின்னால் ஆண் குரல்

கொலோன் நகரில், பழைய தொழிற்கூடம் ஒன்றை மாற்றிய அரங்கில் நேற்று மஹ்னூஷின் நிகழ்ச்சி. பாட்டு, நடனம், நிழலாட்டம் எல்லாம் அவள் ஒருத்திதான். வெள்ளைத் திரைக்குப் பின்னால் நின்று ஆடுவாள், முகம் தெரியாது. ஒலியமைப்பு நான். அதற்காக ஜெர்மன் மாலை வகுப்புக்கு மட்டம் போட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஈரானுக்கு விமானம். ரஷ்த் நகரில் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை. அங்கே பெண் பொதுவில் தனியாகப் பாடத் தடை; அப்படிப் பாடிய காணொளி வெளியே போனால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஆகவே கைபேசிகளை வாசலில் வாங்கிவைக்கச் சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் வாங்கினேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

பாட்டு தொடங்கவிருந்த நேரம், மூன்றாவது வரிசையில் ஓர் ஈரானிய அம்மாள் மடியில் கைபேசி வெளிச்சம். குனிந்து ஓடினேன். நேரலை, மஹ்னூஷின் பெயரையும் போட்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன்.

"நம்ம பொண்ணு பாடப்போறா, ஊர்ல பாக்க வேணாமா? தள்ளு, மறைக்காத."

சுற்றியிருந்தவர்கள் என்னைத்தான் அதட்டினார்கள். திரைக்குப் பின்னால் போய் விஷயத்தைச் சொன்னேன். மஹ்னூஷின் கைகள் நிழலாட்டத்தை நிறுத்தவில்லை.

"நீயும் கூடப் பாடு."

ஆண் குரல் சேர்ந்தால் அது தனிப்பாட்டு ஆகாது. தெஹ்ரான் மேடைகளில் பெண்கள் பக்கத்தில் ஓர் ஆணை நிறுத்திக்கொள்வது இதற்குத்தான். எனக்குப் பாட வராது என்றேன்.

"வாயைத் திற, போதும்."

பாடினேன். அவள் குரல் மேலே ஏறும்போதெல்லாம் என் குரல் அதன் காலைப் பிடித்து இழுத்தது. யாரோ சிரித்தார்கள். மூன்றாவது அடியில் அவள் சட்டென்று திரும்பி என் வாயைப் பொத்தினாள். அந்த நிழல் திரையில் பெரிதாக விழுந்தது, அரங்கமே அடங்கிவிட்டது. பிறகு திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அந்தக் கைபேசியைப் பார்த்தபடி, தனியாக, கடைசி அடி வரை பாடினாள்.

முடிந்ததும், நேரலையைப் பார்த்துவிட்டு ரஷ்த்திலிருந்து அவள் அம்மா அழைத்தார். மஹ்னூஷ் கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"யாருடி அவன், நடுவுல வந்து கத்தினது?"

"ஸியாமக், அம்மா. நல்ல பையன்."

"நல்ல பையன் ஏன் பாடறான்?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ வராத கண்ணு. உன் தம்பி இருக்கான்."

மஹ்னூஷ் சரி என்றாள். அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஒழுங்காகப் பாடியிருந்தால் ஊருக்குப் போயிருப்பாயா என்று கேட்டேன்.

"தெரியல, ஸியாமக்," என்றாள்.