இருபது நிமிடத்துக்கு மேல் எழுதக்கூடாத கதை

1.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து எழுத அனுமதி இல்லை. கைப்பேசியில் மணி வைத்திருக்கிறேன். அது அடித்தால், வாக்கியம் எந்த இடத்தில் நின்றாலும் பேனையை வைத்துவிட்டு விரல்களை விரிக்க வேண்டும். கிளினிக்கில் பயிற்சி சொல்லித்தரும் மிஸ்ஸின் கட்டளை. ஆகவே நடுவில் அறுந்த வாக்கியங்களைக் கண்டால் புதுமை முயற்சி என்று எண்ணி ஏமாறாதீர்கள். அது என் நடுவிரல்.

என் பெயர் நளீரா. பதுளையில், கணவர் பலீலின் துணிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். நான்கு வருடமாக மூட்டுவாதம். வயதானால் வரும் தேய்மானம் அல்ல. உடம்பு தன் மூட்டுகளையே எதிரியென்று நினைத்து வீங்கவைக்கும் வகை.

ஆனால் கதை என்னைப் பற்றியதல்ல. கிளினிக்கில் எனக்கு அடுத்து உட்காரும் ஜெபமலரைப் பற்றியது. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அதே நோய், அதே மாத்திரை. போன மாதம் அவள் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல..." அடித்துவிட்டேன். அது எல்லவுக்குச் சுற்றுலா வந்து படம் பிடிக்கிறவர்களின் தொடக்கம். ஜெபமலருக்குப் பனி என்றால் விரல் மடங்காத காலை.

இரண்டாம் தொடக்கம்: "ஜெபமலர் ஐந்து மணிக்கு எழும்பினாள். ஏழு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நின்று அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். விரல்கள் விழித்துக்கொள்ள அந்த இரண்டு மணித்தியாலமும் தேவை. சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தாள். அப்படியும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் கயிறு பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியலெட்சுமி வந்து முடிச்சைப் போட்டுவிட்டாள். 'கங்காணி பாத்தாருன்னா கொழுந்து மலையில இருந்து நிப்பாட்டிருவாரு. கைய முந்தானைக்குள்ள வச்சுக்க' என்றாள். ஜெபமலர் கையை

3.

[பத்துத் தடவை விரித்தேன், மடக்கினேன். மோதிர விரல் இன்னும் மேசையைத் தொடவில்லை. தொடரலாம்.]

பாக்கியலெட்சுமி என்று ஒருத்தி இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அந்த முடிச்சோடு ஜெபமலரைத் தனியாக விட மனம் வரவில்லை, ஒருத்தியைக் கொண்டுவந்துவிட்டேன். எனக்கு உண்மையில் தெரிந்தது கிளினிக் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது மட்டும்தான்.

கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளனவே வருகிறவர்கள் தங்கள் கிளினிக் கொப்பியை வாங்கில் வரிசையாக வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். கொப்பி இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம்.* ஜெபமலரின் கொப்பி எப்போதும் என்னுடையதற்குப் பின்னால்தான்.

(* குடை, பை, முகம் துடைக்கும் லேஞ்சி எதுவும் செல்லாது. இதற்காகச் சண்டைகள் நடந்திருக்கின்றன.)

இரண்டு மாதத்துக்கு முன் மிஸ் எங்கள் எல்லோருக்கும் விரல் பயிற்சி காட்டினார். ஆளுக்கொரு படத்தாளும் தந்தார். ஜெபமலர் என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, இத லயத்து வாசல்ல உக்காந்து செஞ்சா சனம் சிரிக்கும்க்கா. நாள் முழுக்க வெரல ஆட்டிக்கிட்டுத்தானே நிக்கிறேன். கொழுந்து எடுக்கிறதே எக்சர்சைஸ்தானே?"

அதற்கு நான், "இல்ல புள்ள, கொழுந்து எடுக்கக்குள்ள வெரல் மடங்கத்தான் செய்யும், விரியாது. ரெண்டும் வேற" என்றேன்.

நல்ல பதில், இல்லையா? முதல் பிரதியில் இப்படித்தான் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

4.

நான் சொன்னது இது: "அதுதானே! ஒங்கட வேலையே எக்சர்சைஸ்தான் புள்ள. கடைக்கு மேல குந்திக்கிட்டு ஈக்கிற எங்களுக்குத்தான் இதெல்லாம் வேணும்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளைப் பாராட்டுவதாக நினைப்பு. அவளுக்கும் சந்தோசம். தன் தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தாள். "அப்ப நீங்களே வச்சுக்கங்க, அக்கா. ஒங்களுக்கு ஒதவும்."

போன மாதம், கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டுமா என்று மிஸ்ஸிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். பறிக்கிற கை மடங்கி மடங்கியே பழகும், அதை விரித்துக்கொடுக்காவிட்டால் அப்படியே நின்றுவிடும், அவர்களுக்குத்தான் இது கட்டாயம் என்றார். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. அவளிடம் ஒன்றும்

5.

முடிவு அ: ஜெபமலர் அப்புத்தளையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே வேறு கிளினிக், வேறு மிஸ், புதுத் தாள். விரல்கள் நன்றாக விரிகின்றன. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என்னைச் சும்மா விட்டுவிடுகிறதே.

முடிவு ஆ: கொழுந்தைப் பிடித்த வாக்கிலேயே அவள் விரல்கள்

இந்த முறை மணி அடிக்கவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த பலீல் என் கையைப் பார்த்தார். "நோவுன்னா எழுதாம ஈக்கலாந்தானே?"

"எழுதாட்டி இன்னும் நோவுது" என்றேன்.

எழுதுவதை விட்டுவிட்டு அவளைத் தேடிப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எந்தத் தோட்டம்? ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த மூட்டு நோகிறது என்று கேட்டேன், எந்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று கேட்டேன். தோட்டத்தின் பெயரைக் கேட்கவில்லை. நமுனுகுலப் பக்கம் என்றாள், எனக்கு அது போதுமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

6.

நாளைக்குக் கிளினிக்.

என் கொப்பியை வைப்பேன். அதன் பின்னால், நாலாக மடித்த ஜெபமலரின் தாளை வைப்பேன். தாள் செல்லாது என்று எனக்கும் தெரியும். பண்டாரவளை பஸ்ஸில் வரும் யாராவது கொப்பியோடு வந்து நின்று, தாளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்பார்கள்: "இங்க ஆள் இருக்கா?"

இருக்கு என்று சொன்னால், மணிக்கணக்கில் காத்திருக்கும் இன்னொரு வீங்கிய முழங்காலை ஏமாற்றியதாகலாம். இல்லை என்று சொன்னால், அவள் கையை நானே மூடியதாகிவிடும். பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். கேள்வி வரைதான் என் கை போகிறது.

மணி அடிக்கிறது. பேனையை வைக்கிறேன். நீங்கள் நாளைக்கு என் இடத்தில் உட்கார்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஆள்