தன்மையாகக் கேட்ட வழி

ரயில் நிலையத்தில் ஆண்கள் கழிப்பறை ஒன்றுதான் திறந்திருந்தது. வரிசை வாசலைத் தாண்டி நடைமேடைவரை நீண்டிருந்தது. கடைசி ஆள் என் மாமனார். ஆபரேஷன் முடிந்து, சிறுநீர்க் குழாயை எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வந்தால் அவரால் அடக்க முடியாது, உடனே கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தாங்காது போலிருக்கும்மா," என்றார் என்னிடம். கைத்தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். நான் மொத்த மார்க்கெட்டில் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டிக் காய் இறக்குகிறவள். அவருக்கோ ஜவுளிக்கடை ஆட்களுக்கு எப்படிச் சிரிப்பது, எப்படிக் குழைவது என்று பாடம் நடத்தும் உத்தியோகம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் இலவசமாக நடத்துகிறார்.

"நீ சும்மா இரு. மானத்தை வாங்காத. நான் தன்மையா கேட்டுக்கறேன்."

கேட்டார், ஒவ்வொருவரிடமாக. சிரமத்துக்கு மன்னிக்கணும் என்று தொடங்கி, உங்கள் அவசரமும் புரிகிறது என்று சுற்றி, மனசிருந்தால் என்று இழுத்து, விஷயத்துக்கு வருவதற்குள் ஒரு வண்டியே வந்து நின்று கிளம்பிவிட்டது. அவர்களும் அதே மாதிரி குழைந்தார்கள். கையில் பெட்டியோடு நின்ற ஒருவர், தனக்கு முன்னால் நிற்பவர் சரியென்றால் தனக்கும் சரி என்றார். முன்னால் நின்றவர், வயசானாலே தொல்லைதான் பாவம் என்று உச்சுக் கொட்டினார். கண்ணாடி போட்ட ஒருவர் தன் அப்பாவுக்கும் இதே கதைதான் என்று அந்தக் கதையை முழுதாகச் சொன்னார். ஒருத்தர் காலும் நகரவில்லை. இந்தக் குழைவுக்கு உள்ளேயிருந்து வந்த நாற்றமே தேவலை.

"எல்லாரும் நல்ல மாதிரி. கொஞ்சம் பொறுக்கலாம்," என்று திரும்பி வந்தார் இவர்.

மாமனாரின் முகம் வெளுத்திருந்தது. இனி என்ன மானம்.

"யோவ், நகருங்கய்யா. பெரியவரால அடக்க முடியாது. அவர் போயிட்டு வந்தப்புறம் நீங்க போங்க."

அவ்வளவுதான், வரிசைக்கு உயிர் வந்துவிட்டது. பொம்பளை பேசுகிற பேச்சா இது என்றார் பெட்டிக்காரர். மரியாதையாகக் கேட்டிருந்தால் விட்டிருப்போமே என்றார் கண்ணாடிக்காரர். வாய் கூசாமல் சொன்னார். மரியாதையாகக் கேட்டவர் பக்கத்திலேயே நின்று, அவள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். மரியாதை என்றால் என்ன என்று ஆளுக்கு ஆள் எனக்கு வகுப்பெடுத்தார்கள்.

கைத்தடி தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். மாமனாரின் கால்சட்டை தொடையிலிருந்து நனைந்து, செருப்பைச் சுற்றிச் சிறுநீர் தேங்கியிருந்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

அப்போது விட்டார்கள் வழி. மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தன் அப்பா கதை சொன்னவர் எல்லாருக்கும் முன்னால் எகிறிக் குதித்து. தூ.

நான் மாமனாரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனேன். ஆண்கள் கழிப்பறை என்று யாரும் தடுக்கவில்லை. கதவைச் சாத்திய பிறகும் வெளியே இவர் குரல் கேட்டது.

"அவன் இன்னும் பேசிக்கிட்டா இருக்கான்?"

"மன்னிப்பு கேட்டுட்டிருக்காரு மாமா."

"யார்கிட்ட?"

நான் குழாயைத் திறந்துவிட்டேன்.