சிவப்பு முடிச்சு இல்லாத விரிப்பு

மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் தையல்காரி பையைப் பிடுங்கிக்கொண்டாள். பள்ளி முகாமுக்கு ஒரே ஓர் இரவு போய்வந்த பைதான். ஆனால் கடத்தல் சரக்கைப் பிடித்துவிட்டவள் மாதிரி அதைத் தையல் மேசைமேல் கவிழ்த்தாள்.

துண்டு, காலுறை, உள்ளாடை வரை எல்லாவற்றின் ஓரத்திலும் சிவப்பு நூலில் ஒரு சின்ன முடிச்சு போட்டுத்தான் அனுப்பியிருந்தாள். நாற்பது பிள்ளைகள் போகிற இடத்தில் யாரை நம்புவது? உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் கவனமில்லாதவர்கள் என்பது அவள் கட்சி.

அவளுடைய உண்மையான பயமோ திருட்டு அல்ல. பதினொரு வயது மகள் நான்கு மாதத்துக்கு முன்புவரை படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாள். வகுப்புக்குத் தெரிந்தால் பிள்ளை அப்புறம் தலைநிமிர முடியாது. போகவேண்டாம் என்று தலைகீழாக நின்று பார்த்தாள். மகள் மசியவில்லை.

பையின் அடியில் இறுக்கிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அவிழ்த்ததுமே வாடை காட்டிக்கொடுத்துவிட்டது. உள்ளே, எல்லோரும் கொண்டுவர வேண்டும் என்று பள்ளி சொல்லியிருந்த நீலப் படுக்கை விரிப்பு ஈரமாகக் கிடந்தது.

"நடந்துருச்சா?"

"தண்ணி கொட்டிருச்சும்மா." மகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்தத் தண்ணி இப்படி நாறும்? யாரு யாரு பார்த்தா?"

"யாரும் பார்க்கல. விடேன்."

விடுகிற ஆளா அவள்? வகுப்பாசிரியைக்கு ஃபோன் போட்டாள்.

"உங்க பொண்ணா? தங்கம்ங்க," என்றார் டீச்சர். "காலையில பெட்ஷீட்டைச் சுருட்டி வச்சுக்கிட்டு குழாய்கிட்ட நின்னா. கேட்டதுக்கு, என்னோடதுதான், தண்ணி கொட்டிருச்சுன்னு சொன்னா. ரெண்டு பிள்ளைங்க சிரிச்சாங்க, அதட்டிட்டேன்."

தையல்காரி ஃபோனை வைத்தாள். இரண்டு பேர் சிரித்தால் போதாதா, திங்கட்கிழமைக்குள் நாற்பது பேரும் சிரிப்பார்கள். அழுகையும் ஆத்திரமுமாக விரிப்பை வாளியில் அமுக்கினாள். அமுக்கும்போதே பழக்கத்தில் விரல் ஓரத்தைத் தடவியது. முடிச்சு இல்லை. நான்கு மூலையையும் பார்த்தாள். எங்குமே இல்லை. தையலும் அவள் தையல் இல்லை.

"ஏய், இங்க வா. இது யாரோடது?"

மகள் வாசற்படியிலேயே நின்றாள். "பக்கத்துல படுத்திருந்தவளோடது. விடியறதுக்குள்ள மாத்திக்கிட்டோம். ரொம்ப அழுதாம்மா. எனக்குத் தெரியும்ல, எப்படி இருக்கும்னு," என்றாள்.

"சிரிச்சாங்களாமே?"

"ஆமா, சிரிச்சாங்க."

"யாருடி அவ?"

"சொல்ல மாட்டேன்."

"பெத்த அம்மாகிட்டகூடவா?"

"உன்கிட்டதான் சொல்லவே கூடாது. நான் நனைச்சதை நீ சித்திகிட்ட சொல்லிட்டே. சித்தி என்னைப் பார்த்தாலே சிரிக்கறாங்க."

நாற்பது பிள்ளைகளைச் சந்தேகப்பட்டவளுக்குத் தன் வாயைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. விரிப்பை இரண்டு முறை அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு மடித்தாள். கை தானாகச் சிவப்பு நூல்கண்டுக்குப் போயிற்று. பிறகு நூலைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

அன்று மாலையே தங்கை ஃபோனில் வந்தாள். "என்னக்கா, முகாம் எப்படி? படுக்கை தப்பிச்சுதா?" சொல்லும்போதே சிரிப்பு.

தையல்காரிக்கு நாக்கு துறுதுறுத்தது. தன் பிள்ளை நனைக்கவில்லை, நனைத்தது வேறொருத்தி, இவள் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாள் தெரியுமா என்று ஊருக்கே சொல்ல வேண்டும்போல இருந்தது. நிமிர்ந்தாள். மகள் கதவோரம் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தூங்கினாளாம்," என்றாள் தையல்காரி. "வேற ஒண்ணும் இல்ல."

ஃபோனை வைத்த பிறகும் மகள் நகரவில்லை. லைன் நிஜமாகவே கட்டாகிவிட்டதா என்று கிட்டே வந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.