கரண்டு எங்கே போச்சு?

தெருக்கோடி வரை விளக்கு அணைந்து கிடந்தது. அப்படியிருக்க, அறுந்து விழுந்த கம்பி மட்டும் குழந்தைவேலின் கைகளை எப்படிச் சுட்டது? ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்து வந்தும் தண்டாயுதபாணிக்கு இது விளங்கவில்லை.

சேலம் தீயணைப்புப் படையில் அவர் ஒரு குழுவுக்குத் தலைவர்; குழந்தைவேல் அந்தக் குழுவில் ஒருவன். மேட்டூர் மின்சாரம் ஊர்களுக்கு வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. நெருப்பை அணைக்கப் பழக்கியிருந்தார்கள். நெருப்பே இல்லாத இடத்தில் எப்படி நிற்பது என்று யாரும் பழக்கவில்லை. ஆட்டையாம்பட்டியில் ஒரு தறிக்காரர் வாசலில் கம்பி விழுந்து கிடந்த அந்த மாலையில் தீயும் இல்லை, புகையும் இல்லை.

"கரண்டு போயிருச்சுங்க. அந்தக் கடைசி ஊடு வரைக்கும் இருட்டு" என்றார்கள் சனங்கள்.

"போச்சுல்ல? அப்புறம் என்னடா, பாம்பா அது? எடுத்து ஓரமாப் போடு" என்று இவர் சிரித்தார். குழந்தைவேல் குனிந்தான்.

இப்போது அவனுக்கு இரண்டு கைகளிலும் கட்டு.

"பெரியாபீசர் வந்து கேட்டாருங்க. நானாத்தான் தொட்டேன்னு சொல்லிப்போட்டேன். நீங்க ஒண்ணும் வாயத் தொறக்காதீங்க" என்றான்.

தண்டாயுதபாணி அவன் முகத்தைப் பார்க்காமல் சாத்துக்குடியை உரித்து நீட்டினார். அவனால் வாங்க முடியாது என்பது நீட்டிய பிறகுதான் உறைத்தது. அவன் மனைவி சௌந்திரம் சுளையை வாங்கி அவன் வாயில் வைத்தாள்.

"ஏனுங்க, எப்ப உடுவாங்க? மோகனூர்ல மடை கட்ட ஆளில்லீங்க. வாய்க்கா நடுவுல ஒடைஞ்சு, கடமடைல எங்க வயலு வெடிச்சுக் கெடக்குது."

"தண்ணி நின்னுபோச்சா?"

"எங்கீங்க நின்னுச்சு? எங்களுக்குத்தான் இல்ல. ஒடைஞ்ச எடத்துல போய்ப் பாருங்க, ஆளையே இழுக்குது."

உரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. கம்பியும் வாய்க்கால்தான். அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள வீடுகள் கடைமடை, அங்கே இருட்டு. டிரான்ஸ்பார்மர் பக்கத்துத் துண்டிலோ மின்சாரம் வந்தபடியே இருந்திருக்கிறது. காய்ந்த மண்ணில் கிடந்ததால் பியூஸ் எரிந்து அதை நிறுத்தவும் இல்லை. அந்தத் துண்டைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார். விளக்கு அணைந்தால் கம்பி அறுந்தது என்று மட்டுமே பொருள். இத்தனை எளிதா! எளிதாக இருந்ததுதான் அவரை இன்னும் குறுகவைத்தது.

ஐப்பசி மழையில் ஜலகண்டாபுரத்தில் கம்பி விழுந்தது.

"கரண்டு போயிருச்சுங்க, வெரசா எடுங்க. நடக்க வழியில்ல" என்றது கூட்டம்.

"எங்க போச்சு?" என்றார் தண்டாயுதபாணி. கம்பியிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கயிறு கட்டி, கூட்டத்தை அதற்கு வெளியே நிறுத்தினார்.

"தீக்குள்ள பூர்றவரு கம்பியக் கண்டு பயப்படறாரு பாரு!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது.

படைக்குப் புதிதாக வந்த சின்னராஜ் கேட்டான்: "கொழந்தவேல் அண்ணன் அவசரப்பட்டுத் தொட்டுட்டாருன்னாங்களே?"

"அவன் அவசரப்படல. நான் எடுன்னேன், எடுத்தான். பெரியாபீசர்கிட்டயும் சொல்லிப்போட்டேன்." மழைநீர் வழிந்த முகத்தை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. "இனிமே இதான் வழி. லைன்மேன் டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் கட்டையப் புடுங்கிக் கையிலயே கொண்டாரணும். கட்ட நம்ம கைக்கு வார வரைக்கும் கம்பிக்கு உசுரு இருக்குது."

லைன்மேன் சேற்றில் நடந்து வந்து மூன்று பீங்கான் கட்டைகளை நீட்டினார். தண்டாயுதபாணி அவற்றை வாங்கிச் சின்னராஜின் கைகளில் வைத்தார். பிறகு கயிற்றைத் தாண்டிப் போய், தானே குனிந்து கம்பியை எடுத்தார்.