களத்தில் காய்ந்த கடல்கள்

சகாயமேரி டீச்சர் சென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் சேர்த்து வைத்ததெல்லாம் படங்கள்தான். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் கீறி, மை தடவி அச்சடித்து, மேலே கையால் வர்ணம் தீட்டிய தேசப்படங்கள்.

ஆரம்பித்தது 1931இல், மூர் மார்க்கெட்டில். பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர், முதுகு பிய்ந்த பெரிய புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பொட்டலம் கட்டப் போனார். அந்தத் தாளில் கடல் இருந்தது. கடலுக்குள் வீடு பருமனில் ஒரு மீன், தலையிலிருந்து இரண்டு தாரையாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மூலையில் மேகத்துக்குள்ளிருந்து கன்னம் புடைத்த குழந்தை ஒன்று காற்றை ஊத, அந்தக் காற்றில் கப்பல்களின் பாய்கள் விம்மி நின்றன. சகாயமேரி கடைக்காரரின் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். அன்று புத்தகம் முழுவதும் அவளோடு வீட்டுக்கு வந்தது.

அதன் பிறகு எந்தப் பழைய கடையையும் அவளால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டால் போதும், அசல்தான் என்று விலை பேச ஆரம்பித்துவிடுவாள். சேர்த்ததையெல்லாம் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். அவள் இருந்த அறை சின்னது. ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு அதை உள்ளே வைத்த பிறகுதான் அடுத்ததை எடுக்க முடியும்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே மூட்டை கட்டியது. பள்ளியை மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்த ஒருத்தியின் ஏற்பாட்டில், கடற்கரையைவிட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி மலையடிவாரத்தில் இருந்த பாப்பிரெட்டிப்பட்டியில் மாதையன் என்ற விவசாயியின் வீட்டில் சகாயமேரிக்கு ஓர் அறை கிடைத்தது. மற்றவர்கள் பாத்திரம் பண்டம் ஏற்றிக்கொண்டு ஓட, அவள் தகரப் பெட்டியோடு ரயில் ஏறினாள்.

பொம்மிடி ஸ்டேஷனுக்கு மாதையனே மாட்டு வண்டி கொண்டுவந்திருந்தார். வழியில் வாணியாற்றில் இறங்கும்போது தண்ணீர் செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது.

“மலைமேல மழை பேஞ்சிருக்குதுங்க. முழங்காலு தண்ணிதான், பயப்படாதீங்க” என்றார் மாதையன்.

நடு ஆற்றில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வண்டி ஒருக்களித்தது. சகாயமேரி வண்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. அது சரிந்து ஆற்றில் விழுந்தது. மாதையன் குதித்துப் போய்த் தூக்குவதற்குள் அதன் இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் புகுந்துவிட்டது.

வீடு போய்ச் சேரும்வரை அவள் பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. மாதையனின் மனைவி தீர்த்தம்மாள் வாசலுக்கு வந்து பார்த்தபோது, டீச்சர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னாங்க டீச்சரம்மா, பட்டுச் சேலைங்களா?”

“இல்லீங்க. படம். எல்லாம் போச்சு.”

தீர்த்தம்மாள் குனிந்து மேலாக இருந்த தாளின் நுனியை இரண்டு விரலால் தொட்டாள். “காயிதம்னா இந்நேரம் கரைஞ்சிருக்குமே. இது துணியாட்டம் இருக்குதுங்க.”

“துணிதாங்க அது. கந்தலைக் கூழாக்கித்தான் அந்தக் காலத்துல காகிதம் செய்வாங்க” என்றாள் சகாயமேரி. சொன்ன வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. சட்டென்று எழுந்தாள். “வெயில் படக்கூடாது. நெழல்ல, காத்துல காயணும். பெரிய எடமா வேணும்.”

“களம் இருக்குது. புங்கமரத்து நெழலு பூரா களத்து மேலதான் வுழுது.”

சாணம் மெழுகிய களத்தில் அப்படியே வைக்க முடியாது. தீர்த்தம்மாள் வீட்டிலிருந்த வேட்டி சேலையெல்லாம் கொண்டுவந்து விரித்தாள். போதவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆளுக்கு ஒரு சேலை கொண்டுவந்தார்கள். ஈரத் தாளைக் கையால் தூக்கினால் கிழியும். ஒரு துணியில் அதை ஏந்தி, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, தூங்குகிற பிள்ளையைக் கொண்டுபோவதுபோல மெல்ல நடந்தார்கள். ஓரங்களில் கூழாங்கல் வைத்தார்கள்.

கடைசித் தாளையும் கிடத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் சகாயமேரி அதைப் பார்த்தாள்.

ஒன்றன் பின் ஒன்றாகவே பார்த்திருந்தவள் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்ப்பது அதுவே முதல் தடவை. களம் முழுக்க உலகம் கிடந்தது. சீனம் கிடந்தது, அரபுக் கடல் கிடந்தது, பனிக்கட்டித் தீவுகள் கிடந்தன. கப்பல்கள் ஒரு சேலையிலிருந்து இன்னொரு சேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஈரத்தில் வர்ணங்கள், நேற்றுத்தான் தீட்டினதுபோல மின்னின. பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள்.

சித்தேரி மலையிலிருந்து தேன் கொண்டுவந்த மல்லையன் அப்போதுதான் களத்துக்கு வந்தார். கூடையை இறக்கி வைத்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இது என்னாங்கம்மா?”

“உலகம்ங்க.”

“பூராவுமா?”

“பூராவும்.”

அவர் கண் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய் வந்தது. “இதுல நாம எங்க இருக்கறோம்?”

சகாயமேரி தயங்கினாள். பிறகு அவரைச் சோழமண்டலக் கரையின் படத்துக்குக் கூட்டிப்போனாள். கரையோரம் முழுக்க ஊர்ப்பெயர்கள் எறும்பு மொய்த்ததுபோல நெருங்கிக் கிடந்தன. உள்ளே தள்ளிப் பார்த்தால் ஊரே இல்லை. தானியக் குவியல் மாதிரி நாலைந்து மலை, சில மரங்கள். அவற்றுக்கு நடுவே, துதிக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு யானை. அவள் அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இதை வரைஞ்சவர் இந்தப் பக்கமே வந்ததில்லீங்க. கரையோரத்தைப் பத்தி மாலுமிங்க சொன்னதைக் கேட்டு எழுதிட்டாரு. உள்ள என்ன இருக்குன்னு தெரியல. எடம் காலியா இருக்கேன்னு யானையைப் போட்டுட்டாரு.”

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். மல்லையன் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அந்த யானையையே பார்த்தார்.

“பாக்காமயேவா போட்டாரு?”

“ஆமாங்க.”

“ஒகேனக்கல் காட்டுப் பக்கம் போனா இன்னைக்கும் ஆனை நிக்குதுங்கம்மா. எங்கப்பன் காலத்துல எங்க மலைக்கே வந்துட்டுப் போனதுதான். இதேமாதிரிதான் தும்பிக்கையத் தூக்கி மோப்பம் புடிக்கும்.” அவர் குரல் தாழ்ந்தது. “எங்கியோ இருக்கற மனுசன். அவனுக்கு எப்படிங்கம்மா தெரிஞ்சிது?”

சகாயமேரி குனிந்து யானையை மறுபடி பார்த்தாள். எங்கோ குளிர் நாட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்த மண்ணைக் கனவில்கூடக் காணாத ஒருவன் தகட்டைக் கீறியிருக்கிறான். காலி இடம் என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த இடத்தில்தான் இப்போது நின்றுகொண்டிருந்தாள். தன்னைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள்.

“தெரியலீங்க” என்றாள்.

தீர்த்தம்மாள் அரபுக் கடலின் படத்தருகே நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கடலைப் பார்த்ததே கிடையாது. “இதுக்கு அக்கரை எங்கங்க டீச்சரம்மா?”

சகாயமேரி சுற்றிலும் தேடினாள். ஆப்பிரிக்காவை அவசரத்தில் எங்கேயோ கிடத்தியிருந்தார்கள். “அந்த வைக்கப்போர்கிட்ட இருக்கு பாருங்க.”

தீர்த்தம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துணிகளுக்கு நடுவே பாதம் பார்த்து வைத்து நடந்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் போரண்டை போய் நின்று, குனிந்து பார்த்துவிட்டு, களத்துக்கு இந்தப் பக்கம் திரும்பிக் கூவினாள்.

“வந்து சேந்துட்டேன்! இங்க சிங்கம் இருக்குதுங்க!”

அதற்குமேல் யாராலும் சும்மா நிற்க முடியவில்லை. ஒவ்வொருவராகக் கடலுக்கும் கடலுக்கும் நடுவே இறங்கி நடந்தார்கள். மல்லையன் சீனத்துக்குப் போனார். சகாயமேரியும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

பொழுது சாய்வதற்குள் தாள்கள் ஈரம் உலர்ந்துவிட்டன. அவற்றைத் துணிக்கு நடுவே அடுக்கி, பலகை போட்டு, மேலே அம்மிக்கல்லை ஏற்றினார்கள். இரண்டொரு படத்தில் பச்சை வெளுத்துப்போயிற்று. செப்பில் கீறிய கோடு ஒன்றுகூட அழியவில்லை. ஒரு கடலின் நீலம் மட்டும் கசிந்து, அடியில் கிடந்த மாதையனின் வேட்டியில் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. வேறு வேட்டி தருவதாகச் சகாயமேரி எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை அதையே கட்டிக்கொண்டு ஏர் பூட்டப் போனார்.