பொட்டலம் கட்ட முடியாத பொங்கல்

பட்டு மாமி பிடிக்கும் சத்துமாவு உருண்டையில் அவள் கணவர் பத்மநாபனுக்கு ஒரே ஒரு குறைதான். கடிக்க முடியாது. "கல்கத்தாவுல ரோடு போடறவாளுக்குக் கொடு, உபயோகப்படும்" என்பார். மாமி அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். கல்கத்தா சால்ட் லேக்கில் இருந்த மத்திய அரசுக் குவார்ட்டர்ஸ் பெண்மணிகள் சேர்ந்து, வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருந்த மீன்குட்டைக் கிராமத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கணக்கு மாமியின் பொறுப்பு; பிள்ளைகளுக்கு அவள் 'மாஷிமா', அதாவது சித்தி. தினமும் காலையில் சைக்கிள் ரிக்‌ஷாவில் போய் இறங்குவாள், கூடை நிறைய உருண்டையோடு.

என்ன கொடுத்து என்ன? நாலாம் வகுப்பு தாரா பத்து மணிக்கெல்லாம் பெஞ்சில் தலை சாய்த்துவிடுவாள். பத்து வயசுப் பெண், பார்த்தால் ஏழு என்பார்கள். இந்த வருஷம் தேறாவிட்டால் ஏதாவது ஃப்ளாட்டில் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிடுவதாக அவள் அப்பா சொல்லியாயிற்று. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"ராத்திரியெல்லாம் திருடப் போறியாடி?" என்று மாமி தன் மயிலாப்பூர் வங்காளியில் ஒருநாள் அதட்டினாள். தாரா பதறி எழுந்ததில் ஃப்ராக் முனையில் இருந்த முடிச்சு அவிழ்ந்து, டொக்கென்று தரையில் விழுந்தது உருண்டை. உடையவில்லை.

"நீ தின்னலையா?"

"வீட்டுக்கு, மாஷிமா. அப்பாவும் அண்ணன்களும் வேலைக்குப் போறாங்க." தாரா உருண்டையைப் பொறுக்கித் துடைத்தாள். "நான் சும்மா உட்கார்ந்துதானே இருக்கேன்."

 மாமி மற்ற பெண்களைப் பார்த்தாள். எல்லா ஃப்ராக்கிலும் முடிச்சு. இத்தனை நாளும் ஊர் ஆம்பிளைகளுக்கு அல்லவா உருண்டை பிடித்திருக்கிறாள்! மகராசி, நன்றாகத்தான் நடத்தினாள் பள்ளிக்கூடம்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவரிடம் புலம்பினாள்.

"முடிஞ்சுக்க முடியாத மாதிரி ஏதாவது பண்ணேன்" என்றார் பத்மநாபன். "உன் பொங்கல் இருக்கே, அது தட்டுலயே நிக்காதே!"

வேறொரு நாளாக இருந்தால் பெரிய சண்டை வந்திருக்கும். மாமி அவரையே வாயைப் பிளந்து பார்த்தாள். "ஏன்னா, ஜன்மத்துல ஒரு தடவை உருப்படியா பேசினேள்!"

மறுநாள் ரிக்‌ஷாவில் அண்டா ஏறியது. பாசிப்பருப்பு போட்டுக் குழைந்து ஓடும் பொங்கல். பிள்ளைகள் அதைக் கிச்சுடி என்றார்கள். திருத்தித் திருத்தி மாமி ஓய்ந்துபோனாள். தாரா தட்டைப் பார்த்தாள், ஃப்ராக் முனையைப் பார்த்தாள். கட்ட வழியில்லை.

"சாப்பிடு. கணக்குப் போடறதும் வேலைதான். நீ சும்மா உட்கார்ந்திருக்கேன்னு யாருடி சொன்னது?" மாமி எதிரிலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள். தாரா தயங்கித் தயங்கி ஒரு வாய் வைத்தாள். பிறகு தட்டையே வழித்து நக்கிவிட்டாள்.

தினமும் வந்ததும் பொங்கல், அப்புறம்தான் பாடம் என்றாயிற்று. சில வாரம் போயிருக்கும். மாமி கரும்பலகையில் ஒரு கழித்தல் கணக்கை மளமளவென்று போட்டு முடித்தாள்.

"மாஷிமா, தப்பு."

மாமி திரும்பினாள். பத்து மணி தாண்டியாயிற்று. தாரா நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைக் கொட்டாமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா? நான் எத்தனை வருஷமா கணக்குப் போடறேன், தெரியுமா?"

"பக்கத்து எண்கிட்ட கடன் வாங்கினீங்க, அதுல ஒண்ணு குறைக்கலையே."

மாமி எண்ணிப் பார்த்தாள். தப்பேதான். இவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தத் தப்பையும் செய்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இவளைப் போயா பாத்திரம் தேய்க்க அனுப்பப் போறேங்கறான் அந்த மனுஷன்!" என்று தமிழிலேயே கத்தினாள். ஒன்றும் புரியாமல் பிள்ளைகள் சிரித்தார்கள். மாமி சாக்பீஸைத் தாராவின் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவளுடைய பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.